வாசகர் கேள்வி – பதில்: பெயரை மறைத்தால் மட்டும் போதுமா?

இந்த இதழில் இடம்பெறும் மூன்று கடிதங்களும் ஒரே பொருளைப் பற்றியவை: மத, ஆன்மிக அமைப்புகளில் நடப்பதை வெளியே சொல்ல முனைபவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் வரும் நெருக்குதல். அனுப்பியவர்களின் ஊர், தொழில், பிள்ளைகளின் வயது போன்றவற்றில் ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறோம். சிலவற்றை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறோம். சம்பந்தப்பட்ட அமைப்புகள் எந்தச் சமயத்தைச் சேர்ந்தவை என்பதையும் வேண்டுமென்றே சொல்லவில்லை. அது தெரிந்தால் பாதி வாசகர்கள் பதிலைப் படிக்காமல் கட்சி பிரிந்துவிடுவார்கள்.

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, திருமணமாகி வந்த நாள் முதல் கணவர் குடும்பத்தோடு ஓர் ஆன்மிக அமைப்பில் இருந்தேன். மாதந்தோறும் நம் மனத்தில் உள்ள குற்றங்களை ஒரு நோட்டில் எழுதிப் பொறுப்பாளரிடம் கொடுக்க வேண்டும் என்பது அங்கே விதி. திருமணத்துக்கு முந்தைய விஷயங்கள், மாமியாரைப் பற்றிய கோபம் எல்லாவற்றையும் நம்பி எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆதார் நகல், குடும்பப் படங்கள், தேதி போடாத காசோலைகள், எதுவும் எழுதாத முத்திரைத்தாளில் கையெழுத்து ஆகியவையும் அவர்களிடம் இருக்கின்றன. இப்போது பிள்ளைகளோடு தாய் வீட்டுக்கு வந்துவிட்டேன். கணவர் அங்கேயே இருக்கிறார். உள்ளே நடப்பதை ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதத் தொடங்கினேன். அதற்குள் "நோட்டு எங்களிடம்தான் இருக்கிறது என்று தங்கச்சிக்கு ஞாபகப்படுத்துங்கள்" என்று என் அண்ணனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். புனைபெயரில் எழுதினால் போதுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை மாவட்டம்

பதில்: போதாது, சகோதரி. அதற்காக எழுத வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எழுதுவதற்கு முன் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன, அவற்றின் வரிசை முக்கியம்.

இத்தகைய அமைப்புகளில் ஒருவரைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அவர் எழுதும் செய்திதான். சமையற்கட்டில் இருந்த நான்கு பேருக்கு மட்டும் தெரிந்த ஒரு சம்பவத்தை நீங்கள் எழுதினால், கீழே எந்தப் பெயரைப் போட்டாலும் அவர்கள் நான்கு பேருக்குள் தேடினால் போதும். அந்தத் தேடலில் உங்களுக்குப் பதிலாக இன்னொருத்தி மாட்டிக்கொள்ளவும் கூடும் என்பதை நாம் பலரும் யோசிப்பதில்லை. 2002ஆம் ஆண்டு அரியானாவின் சிர்சாவில், தேரா சச்சா சௌதா அமைப்பில் இருந்த ஒரு பெண் துறவி, அதன் தலைவர் குர்மீத் ராம் ரஹீம் தம்மைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியதாகப் பெயரிடாத கடிதம் ஒன்றைப் பிரதமருக்கு எழுதினார். அதைத் தம் 'பூரா சச்' நாளிதழில் வெளியிட்ட ராம் சந்தர் சத்ரபதி அதே ஆண்டு அக்டோபரில் வீட்டருகே சுடப்பட்டு நவம்பரில் இறந்தார். அதற்கு முன்பே ஜூலையில், அமைப்பின் முன்னாள் நிர்வாகி ரஞ்சித் சிங் கொல்லப்பட்டார். அந்தக் கடிதத்தைச் சுற்றுக்கு விட்டவர் இவர்தான் என்ற சந்தேகமே காரணம் என்பது சிபிஐயின் வழக்கு. பாலியல் வழக்கில் 2017இலும் பத்திரிகையாளர் கொலை வழக்கில் 2019இலும் சிபிஐ நீதிமன்றம் ராம் ரஹீமுக்குத் தண்டனை விதித்தது. ரஞ்சித் சிங் வழக்கில் 2021இல் விதிக்கப்பட்ட தண்டனையை உயர்நீதிமன்றம் 2024இல் ரத்து செய்துவிட்டது. வழக்குகளின் போக்கு எப்படியிருந்தாலும், கடிதத்தில் பெயர் இல்லாதது அதைச் சுற்றியிருந்தவர்களைக் காக்கவில்லை என்பது தெளிவு.

இதைச் சொல்லி உங்களை அச்சுறுத்துவது என் நோக்கமன்று. நம் பக்கத்துச் சிற்றமைப்புகள் பெரும்பாலும் துப்பாக்கியைத் தூக்குவதில்லை. அவை சொந்தக்காரர்களைத் தூக்குகின்றன. அண்ணனிடம் சொல்லி அனுப்புவது, பிள்ளைகளின் பள்ளியில் விசாரிப்பது, தாய்வீட்டுத் தெருவில் "அவள் நடத்தை சரியில்லாமல்தான் வெளியேற்றினோம்" என்று பரப்புவது ஆகியவையே வழக்கமான வழிகள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது அவர்களுக்கும் நன்றாகத் தெரியும்.

முதலில் அந்த நோட்டைப் பற்றி. வழக்கறிஞரிடம் சொன்னதை அவர் வெளியிடக் கூடாது என்று நம் சாட்சியச் சட்டம் தடுக்கிறது. கணவன் மனைவி பேசிக்கொண்டதற்கும் ஓரளவு பாதுகாப்பு உண்டு. குருவிடமோ போதகரிடமோ பொறுப்பாளரிடமோ ஒப்புக்கொண்டதற்கு அத்தகைய தனிப்பாதுகாப்பு அந்தச் சட்டத்தில் இல்லை. ஆனால் நோட்டைக் காட்டி மிரட்டுவது வேறு. ஒருவரின் நற்பெயருக்குக் கேடு செய்வதாகச் சொல்லி, அவர் சட்டப்படி செய்யக்கூடிய ஒன்றைச் செய்யவிடாமல் தடுப்பது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆம் பிரிவின் கீழ்க் குற்றமுறு மிரட்டல் ஆகும். அதையே காட்டிப் பணம் பறித்தால் 308ஆம் பிரிவும் சேரும். நோட்டில் இருப்பது உண்மையா பொய்யா என்ற கேள்வியே அங்கு எழாது. எனவே உங்கள் அண்ணனிடம் சொல்லப்பட்ட வாசகத்தை, யார், எந்த இடத்தில், எந்த நாளில், எத்தனை மணிக்குச் சொன்னார் என்பதோடு இன்றே அவர் கையால் எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள். இன்னும் ஒரு மாதம் போனால் அவருக்கு நினைவில் இருப்பது "ஏதோ மிரட்டினார்கள்" என்பது மட்டும்தான்.

நோட்டைவிட எனக்குக் கவலை தருவது காசோலைகளும் முத்திரைத்தாளும். கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையைத் தாமாகக் கொடுத்திருந்தால்கூட, அது கடனுக்காகக் கொடுக்கப்பட்டது என்றே சட்டம் முதலில் அனுமானிக்கும் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் கூறியிருக்கிறது; இல்லை என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. பிறகு அவர்கள் தொகையை நிரப்பி வங்கியில் போட்டு, காசோலை மோசடி வழக்குத் தொடுத்தால், அமைப்பை விமர்சித்தவர் என்ற உங்கள் அடையாளம் மறைந்து கடன்காரி என்ற அடையாளம்தான் ஊரில் நிற்கும். ஆகவே காசோலை வங்கிக்கு வருவதற்கு முன்பே, அதன் எண்களைக் குறிப்பிட்டு, எந்தச் சூழ்நிலையில் எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதை விளக்கி வங்கிக்குக் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை நகலில் வாங்குங்கள். வெறுமனே பணம் கொடுப்பதை நிறுத்தச் சொல்வது மட்டும் வழக்கைத் தடுக்காது. முன்கூட்டியே எழுதிவைத்த விளக்கம்தான் பின்னால் கைகொடுக்கும். அதே செய்தியை வழக்கறிஞர் மூலம் அமைப்புக்கும் அனுப்பி, கையெழுத்திட்ட தாள்களைத் திருப்பிக் கேளுங்கள். 2025 செப்டம்பர் முதல் பதிவுத் தபால் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஒப்புகை வேண்டும் என்று அஞ்சலகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது உங்கள் கைப்பேசி. அந்த சிம் யார் பெயரில் வாங்கப்பட்டது? கணவர் பெயரிலோ பொறுப்பாளர் பெயரிலோ இருந்தால், அவர் கடைக்குப் போய் 'தொலைந்துவிட்டது' என்று சொல்லி அதே எண்ணுக்கு வேறு சிம் வாங்கிக்கொள்ளலாம். அதற்குப் பின் வங்கியின் ஓடிபி முதல் மின்னஞ்சல் கடவுச்சொல் வரை எல்லாம் அவரிடம் போகும். உங்கள் பெயரில் புதிய எண் வாங்கி, வங்கி, ஆதார், மின்னஞ்சல் ஆகியவற்றில் அந்த எண்ணை மாற்றிய பிறகே பழைய எண்ணைக் கைவிடுங்கள். வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். சேவைக் குழுவின் அலுவலகக் கணினியில் எப்போதோ திறந்துவைத்தது இன்னும் திறந்தே இருக்கக்கூடும். நீங்கள் இங்கே தட்டச்சு செய்வதை அங்கே ஒருவர் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கலாம். ஆதாரின் கைரேகைப் பதிவை ஆதார் செயலியிலேயே பூட்டிவைக்க முடியும், அதையும் செய்துவிடுங்கள்.

நகல் எடுக்கும் கடை சிறிய விஷயமாகத் தோன்றலாம். கட்டுரையை அச்செடுக்க நாம் என்ன செய்கிறோம்? பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையின் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். அது கடைக்காரரின் கணினியில் 'பதிவிறக்கங்கள்' என்ற பெட்டிக்குள், நேற்று வந்தவரின் பத்திர நகலுக்கும் நாளை வருபவரின் ஜாதகத்துக்கும் நடுவே, மாதக்கணக்கில் கிடக்கிறது. நம் பக்கத்துச் சிற்றூர்களில் அந்தக் கடைக்காரரே அந்த அமைப்பின் வாராந்திரக் கூட்டத்துக்குப் போகிறவராக இருக்கக்கூடும். கையால் எழுதி நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எழுதும்போது உங்களுக்கு நேர்ந்ததையும் நீங்கள் கண்ணால் கண்டதையும் மட்டும் எழுதுங்கள். மற்றவர்கள் தங்கள் நோட்டில் எழுதியது உங்கள் காதுக்கு வந்திருக்கலாம். அதை வெளியிட்டால், அவர்கள் உங்களுக்குச் செய்ய நினைப்பதை நீங்கள் இன்னொரு பெண்ணுக்குச் செய்தவர் ஆவீர்கள். பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைக்குரியது. குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் ஏதேனும் உங்களுக்குத் தெரிந்திருந்தால், கட்டுரைக்காகக் காத்திருக்க முடியாது; போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு உடனே காவல் துறையிடம் தெரிவிக்கச் சொல்கிறது, தெரிவிக்காமல் இருப்பதே குற்றம்.

அவதூறு வழக்குக்கும் மனத்தைத் தயார்செய்துகொள்ளுங்கள். புதிய தண்டனைச் சட்டத்தில் 356ஆம் பிரிவாக வந்திருக்கும் குற்றவியல் அவதூறில், எழுதியது உண்மை என்று காட்டினால் மட்டும் போதாது. பொது நன்மைக்காக வெளியிட்டது என்றும் காட்ட வேண்டும். ஆகவே பொறுப்பாளரின் குடும்பச் சண்டையை விட்டுவிட்டு, காணிக்கை எப்படி வசூலிக்கப்பட்டது, கையெழுத்து எப்படி வாங்கப்பட்டது, விலகியவர்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்பவற்றில் நில்லுங்கள். ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிடுவது தொடர்பாக ஒரு தமிழ் வார இதழ் தொடுத்த வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் வகுத்த எல்லைதான் இன்றும் வழிகாட்டி: ஒருவரின் அந்தரங்கத்தை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது, நீதிமன்ற ஆவணம் போன்ற பொதுப் பதிவில் வந்துவிட்டதை எழுதலாம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொன்னது உங்களைக் காப்பது போலவே எதிர்த்தரப்பில் இருப்பவர்களையும் காக்கிறது.

யாரிடம் கொடுக்கிறீர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஜப்பானில் ஓம் ஷின்ரிக்கியோ அமைப்பை எதிர்த்து வழக்காடிய வழக்கறிஞர் சகாமோட்டோவின் பேட்டியை ஒரு தொலைக்காட்சி நிறுவனம் 1989 அக்டோபரில் பதிவு செய்தது. ஒளிபரப்புவதற்கு முன் அதை அந்த அமைப்பினருக்கே போட்டுக் காட்டியது. அடுத்த சில நாட்களில் அவரும் மனைவியும் கைக்குழந்தையும் வீட்டிலேயே கொல்லப்பட்டனர். பேட்டியைக் காட்டியதை அந்த நிறுவனம் ஒப்புக்கொள்ள 1996 ஆயிற்று. எதிர்த்தரப்பின் விளக்கத்தைக் கேட்பது பத்திரிகை தர்மம்தான். கேள்விகளை அனுப்பிக் கேட்கலாம், உங்கள் கையெழுத்துப் பிரதியை அனுப்பக் கூடாது. ஆசிரியரிடம் இதைத் தயங்காமல் கேட்டு, எழுத்தில் உறுதி வாங்குங்கள்.

என் தனிப்பட்ட கருத்தைக் கேட்டால், அரைகுறையாக மறைந்து நிற்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. நீங்கள் யார் என்று அமைப்புக்குத் தெரிந்திருக்கும், ஆனால் காவல் துறைக்கும் நீதிமன்றத்துக்கும் அக்கம்பக்கத்துக்கும் தெரியாது. மிரட்டுகிறவருக்கு இதைவிட வசதி வேறில்லை. முதலில் புகாரைப் பதிவு செய்யுங்கள், வங்கிக் கடிதத்தையும் நோட்டீஸையும் அனுப்புங்கள், பிள்ளைகளின் பொறுப்பு குறித்துக் குடும்ப நல நீதிமன்றத்தில் என்ன செய்வது என்று வழக்கறிஞரோடு முடிவு செய்யுங்கள். அதற்குப் பின் சொந்தப் பெயரில் எழுதினாலும் உங்களுக்கு ஒன்று நேர்ந்தால் முதல் கேள்வி அவர்களிடம்தான் போகும். மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

கேள்வி: ஐயா, என் மைத்துனர் ஒரு மத அமைப்பிலிருந்து விலகி, அங்கு நடந்த பண முறைகேடு பற்றி வழக்கில் சாட்சி சொல்லச் சம்மதித்திருக்கிறார். அன்று முதல் அந்த அமைப்பினர் என் கடைக்கு யாரும் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தினமும் எதிரே இரண்டு பேர் நின்று வருகிறவர்களைக் கைப்பேசியில் படம் பிடிக்கிறார்கள். காவல் நிலையத்தில் "பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள்.
— ஒரு கடைக்காரர், மேலூர் பக்கம்

பதில்: கடைக்குப் போகாதே என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்வதை மட்டும் வைத்து வழக்குப் போடுவது கடினம். சமூகப் புறக்கணிப்புக்கு எதிராக மகாராஷ்டிரம் 2016இல் இயற்றியது போன்ற தனிச்சட்டம் நம் மாநிலத்தில் இல்லை. ஆனால் உங்கள் விஷயம் அதோடு நிற்கவில்லை. சாட்சி சொல்லப் போகிறவரின் உறவினரை நெருக்குவது சாட்சியையே மிரட்டுவதாகும், அந்தக் கோணத்தில்தான் மனுவை எழுத வேண்டும். கடை வியாபாரம் குறைந்ததை இரண்டாவதாக வையுங்கள். மனு கொடுத்தால் அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்காமல் நிலையத்தை விட்டு வராதீர்கள். வாங்க மறுத்தால் அதே மனுவை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். மேலூர் மாநகரக் காவல் ஆணையரின் எல்லைக்குள் வராது என்பதால் மதுரை நகருக்குள் அலைந்து நாளை வீணாக்க வேண்டாம். அதற்கும் பலன் இல்லையென்றால் குற்றவியல் நடுவரிடம் மனு செய்ய வழி இருக்கிறது.

உங்கள் மைத்துனர் தனியாக இன்னொன்று செய்ய வேண்டும். சாமியார் ஆசாராம் மீதான பாலியல் வழக்கில் சாட்சிகள் சிலர் கொல்லப்பட்டும் சிலர் தாக்கப்பட்டும் வந்த நிலையில், அவ்வழக்கின் சாட்சியான மகேந்தர் சாவ்லா உள்ளிட்டோர் தொடுத்த மனுவில், 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை ஏற்று நாடு முழுவதும் நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் மனு கொடுத்தால், உட்கோட்டக் காவல் அதிகாரியிடமிருந்து அச்சுறுத்தல் பற்றிய அறிக்கை கேட்கப்படும். கண்காணிப்புக் கேமரா, ரோந்து, நீதிமன்றத்துக்குத் துணைப்பாதுகாப்பு, தேவைப்பட்டால் தற்காலிக இடமாற்றம் வரை தேவையைப் பொறுத்து உத்தரவிடலாம். குடும்பத்தாரையும் அது உள்ளடக்கும். உயிர், உடல், நற்பெயர், சொத்து ஆகிய எதற்கு அச்சுறுத்தல் என்பதைப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். "பயமாக இருக்கிறது" என்ற ஒற்றை வரி மனுக்கள் அறிக்கை நிலையிலேயே நின்றுவிடுகின்றன.

எதிரே நிற்பவர்களை நீங்களும் பதிவு செய்யலாம். கடைக்கு முன் ஒரு கேமரா பொருத்துங்கள். ஆனால் அந்தப் பதிவை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றவிடாதீர்கள். நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவைக் காட்ட, புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவை. மூலப் பதிவு இருக்கும் கருவியை அழிக்காமல் வைத்திருப்பவரால்தான் அதைச் சிக்கலின்றிக் கொடுக்க முடியும்.

கேள்வி: நான் கல்லூரி மாணவன். எங்கள் பகுதியில் உள்ள ஒரு மடத்தின் கட்டாய வசூல் பற்றி என் பெயரிலேயே எழுதினேன். ஏழு நாளில் மன்னிப்புக் கேட்டு ஐம்பது லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. வீட்டில் அழித்துவிடச் சொல்கிறார்கள்.
— ஒரு மாணவர், மதுரை

பதில்: தம்பி, வக்கீல் நோட்டீஸ் நீதிமன்ற உத்தரவு அன்று. நோட்டீஸில் ஐம்பது லட்சம் என்று எழுதச் செலவில்லை. அதே தொகைக்கு வழக்குப் போட்டால் தொகைக்கேற்ற நீதிமன்றக் கட்டணத்தை அவர்கள் முன்பணமாகக் கட்ட வேண்டும். எழுத்து வடிவிலான அவதூறுக்கு நஷ்டஈட்டு வழக்குத் தொடுக்க வெளியான நாளிலிருந்து ஓராண்டுதான் காலவரையறை. குற்றவியல் அவதூறில் காவல் துறை நேராக வழக்குப் பதிய முடியாது. பாதிக்கப்பட்டதாகச் சொல்பவர் நடுவரிடம் முறையிட வேண்டும், புதிய நடைமுறைச் சட்டப்படி உங்கள் தரப்பைக் கேட்காமல் நடுவர் அதை விசாரணைக்கு எடுத்துக்கொள்ளவும் முடியாது.

ஆனாலும் நீங்களே பதில் எழுதாதீர்கள். கோபத்தில் எழுதும் ஒரு வரி அடுத்த வழக்குக்கு ஆதாரமாகும். எழுதியதை வழக்கறிஞரிடம் காட்டி, வசூல் ரசீது போன்ற ஆதாரம் எந்தெந்த வரிக்கு இருக்கிறது என்று குறியிடச் சொல்லுங்கள். ஆதாரம் இல்லாத வரியைத் திருத்துவது தோல்வி அன்று. மடத்தின் நடைமுறையை விமர்சிப்பதும், வேண்டுமென்றே தீய நோக்கோடு ஒரு பிரிவினரின் மத உணர்வைப் புண்படுத்துவதும் சட்டத்தில் வெவ்வேறு; பின்னது புதிய தண்டனைச் சட்டத்தின் 299ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறைக்குரியது. தெய்வத்தையும் வழிபாட்டையும் கேலி செய்யும் வாக்கியம் ஏதேனும் இருந்தால், வசூல் என்ற உங்கள் கேள்வி அதற்குள் காணாமல் போய்விடும். அதை முதலில் நீக்குங்கள். எதை மாற்றுவதாக இருந்தாலும் மாற்றுவதற்கு முன் முழுமையான நகலைத் தேதியோடு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதாத ஒன்றை எழுதியதாக அவர்கள் மனுவில் சொன்னால், மறுக்க உங்களிடம் இருப்பது அந்த நகல் மட்டுமே.